ப்ரோக்கோலி ஏன் மொறுமொறுப்பாக வரவில்லை?



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வி: "டீச்சர், எங்க ஏர் ஃப்ரையரில் ப்ரோக்கோலி தொளதொளன்னுதான் வருது, ஏன்?" வேதியியல் டீச்சரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரை நம்பாதீர்கள். அது எதையும் பொரிப்பதில்லை. விசிறி வைத்த குட்டி அவன், அவ்வளவுதான். சூடான காற்றைச் சுழற்றி அடிக்கும். காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்தச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். மேற்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சிவந்து மணம் வருவதற்கான மெய்லார்டு வினை வேகம் பிடிக்க 140 டிகிரியாவது வேண்டும். கொதிநிலைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா, கடைசி பெஞ்ச்?

ப்ரோக்கோலியில் நாம் தின்பது பூ மொட்டுகளை. இடுக்கெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புழுவுக்குப் பயந்து உப்பு, மஞ்சள் போட்ட நீரில் அலசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் பூவைத் தலைகீழாகத் துணியில் கவிழ்த்து, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் விடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கால் கிலோ பூவுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் அரிசி மாவு. எண்ணெயே வேண்டாம் என்று வீரம் காட்டினால் மொட்டு காய்ந்து கருகும். 200 டிகிரியில் மூன்று நிமிடம் முன்சூடு. பூக்களை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வெந்துவிடும். ஏழெட்டு நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல். உப்பும் மிளகுத்தூளும் கடைசியில்தான், உப்பு முன்னாலேயே விழுந்தால் நீர் விடும். தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தோல் சீவி வில்லையாக நறுக்கினால் அதுவும் ருசி.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உறவுகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தபின் பொரித்ததெல்லாம் நிறுத்தம். நாற்பது வருடமாக நாலரை மணிக்கு பஜ்ஜியோ வடையோ கேட்ட மனிதர். வேகவைத்த காயைத் தட்டோரம் ஒதுக்கி வைப்பார், குறை மட்டும் சொல்ல மாட்டார். அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டார். மகள் இந்த மெஷினை அனுப்பினாள்.

பஜ்ஜி மாதிரியே இருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன். கறுக் கறுக் என்று சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் இருக்கா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய முதல் பண்டம் அது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் காலிஃபிளவரில் செய்யுங்கள். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம், முட்டைக்கோஸும்தான். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விட வேண்டும். உறைய வைத்த பாக்கெட் ப்ரோக்கோலி மட்டும் வேண்டாம், அது தண்ணீர் மூட்டை. செய்து பார்த்துப் படம் போடுங்கள், மார்க் போடுகிறேன்.