தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு கறுப்புச் சொட்டு

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணியைத் தரிசித்துவிட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் கால் நடுங்க இறங்கி வந்தோம். காரை நெருங்கியதும் அம்மாதான் முதலில் பார்த்தார். "என்னப்பா இது, வண்டிக்குக் கீழே?" தார்ச்சாலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம்.

கார் அப்பாவுடையது, 1991-இல் வாங்கிய புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் காரான சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலமும் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து புறப்பட்டு அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தைச் சாகாவில் கடப்பது அப்பாவுக்கு ஆண்டுதோறும் ஒரு திருவிழா. அவர் மறைந்து இரண்டு வருடம். "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இந்தக் கறை.

ஏர்கோன் தண்ணீராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு விரலால் தொட்டேன். வழவழவென்று ஒட்டியது. ரேடியேட்டர் நீர் என்றால் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். ஆட்டோ கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. இது மலாய்க்காரர்கள் 'மின்யாக் ஹீத்தாம்' என்று சொல்லும் இன்ஜின் எண்ணெயேதான். அளவுகோலை இழுத்துப் பார்த்தால், கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எண்ணெய் நிலையத்தில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றிவிட்டு, முதலில் கண்ணில் பட்ட பட்டறைக்குள் நுழைந்தோம்.

அங்கே குனிந்து பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுது. பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும். கியர்பாக்ஸை இறக்கணும், ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும்." தொலைபேசியில் சொன்னதும் அண்ணன், "நான் அப்பவே சொன்னேனே" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் வாழையிலைச் சாப்பாடு. சோறு இறங்கவில்லை. கடைக்காரர் விசாரித்துவிட்டு, டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பழைய போர்மேனைப் பார்க்கச் சொன்னார்.

ஐந்தடி நடைபாதையும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய கடைவீடு அது. அறுபதைத் தாண்டிய அந்த அண்ணன் காரின் அடியில் குனியவே இல்லை. பானட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தார்.

"தம்பி, இந்தக் கூரையைப் பாருங்க. மழையில ஓடு விலகுற இடம் ஒண்ணு, தண்ணி சொட்டுற இடம் ஒண்ணு. இன்ஜினும் அப்படித்தான். எண்ணெய் மேலே கசிஞ்சு வழிஞ்சு, கடைசியா ஒரு மூலையில வந்து சொட்டும். ஓடுற வண்டியில காத்து அதைப் பின்னால வேற தள்ளும்."

பிசுக்கு நீக்கும் மருந்தை அடித்து இன்ஜினைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினார். நன்றாகக் காய்ந்ததும், சந்தேகப்பட்ட இடங்களில் மட்டும் முகப்பவுடரை லேசாகத் தூவினார். "ஆயர் ஈத்தாம் வரைக்கும் போய் ஒரு லக்சா சாப்பிட்டு வாங்க. இன்ஜின் நல்லா சூடாகட்டும்."

ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்பு நீர். இன்றைக்கு நமக்கென்றே வைத்த பெயர் என்று அம்மா சிரித்தார், காலையிலிருந்து முதல் தடவையாக. கெக் லோக் சி கோயில் மலைமேல் தெரிய, புளியும் மீனும் மணக்கும் லக்சாவைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

பானட்டைத் திறந்ததும் எனக்கே தெரிந்தது. வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரே ஒரு கோடு. இன்ஜினின் உச்சியில் உள்ள வால்வ் மூடியின் ஓரத்தில் தொடங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் முடிந்தது. அதாவது, பின்பக்க சீலுக்கு மேலே எல்லாம் நனைந்திருந்தது, சீல் பழுதில்லை.

மூடியைக் கழற்றினார். அடியில் இருந்த ரப்பர் கேஸ்கெட் பிளாஸ்டிக் போல இறுகி, வளைத்தால் ஒடிந்தது. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு வால்வை எடுத்துக் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. "பிசிவி வால்வ். நல்லா இருந்தா கடகடன்னு ஆடும். இது அடைச்சுட்டா உள்ளே காத்தழுத்தம் கூடி, எண்ணெயை எந்த ஓட்டை வழியாவது வெளியே தள்ளும். கேஸ்கெட்டை மட்டும் மாத்தினா மறுபடியும் கசியும்."

இரண்டையும் மாற்றினார். போல்ட்டுகளை அளவோடுதான் முறுக்கினார். அதிகம் முறுக்கினால் புதுக் கேஸ்கெட்டே பிதுங்கிவிடுமாம். கூலியோடு நூற்றைம்பது வெள்ளிகூட ஆகவில்லை.

எல்லாக் கசிவும் இப்படி மலிவாக முடியாது என்றும் எச்சரித்தார். முன்பக்க சீல் கசிந்தால் டைமிங் பெல்ட் எண்ணெயில் ஊறிக் கெடும். பின்பக்க சீல் நிஜமாகவே போனால் கிளட்ச் வழுக்கும். சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். ஓடும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "பெரிய வேலைன்னு யாராவது சொன்னா, கழுவிப் பார்த்தீங்களான்னு முதல்ல கேளுங்க" என்றார்.

மாலை வெயிலில் பாலத்தைக் கடந்தோம். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து, அப்பா வழக்கமாகச் சொல்வது போலவே, "மெதுவாப் போப்பா, கடலைப் பார்க்கணும்" என்றார்.

அன்றிரவு காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அண்ணன்தான் முதலில் குனிந்து பார்த்தார். அட்டை சுத்தமாக இருந்தது. பழைய இரும்புப் பேச்சை அவர் இன்னும் எடுக்கவில்லை.