கிள்ளானில் ஒரு ஓடும் சோபா!

மலேசியாவில் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்தால் முதல் நாளே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள். ஜிப் முதுகுப் பக்கம்! தூக்கக் கலக்கத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்களோ என்று பரிதாபப்படாதீர்கள். நெஞ்சில் காற்று அடிக்கக் கூடாது, ஆபீஸ் சட்டையில் சேறு தெறிக்கக் கூடாது, போய் இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே உபாயம். பதினோரு வருடமாகக் கிள்ளானில் குப்பை கொட்டும் நானும் அப்படித்தான். லீவில் ஊருக்கு வந்தபோது பழக்க தோஷத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கும்பகோணத்தில் ஒரு பெரியவர் வழிமறித்து, "தம்பி, வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்றார்.

கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் ஆபீசுக்கு 25 கிலோமீட்டர்தான். காலை ஏழரைக்குக் காரை எடுத்தால் ஒன்றரை மணி நேரம். ஃபெடரல் ஹைவே என்று பெயர். நடப்பது கார்களின் தேரோட்டம். ஆனால் அதே நெடுஞ்சாலையின் ஓரமாக, தடுப்புக்கு அப்பால், ஒல்லியாக இன்னொரு பாதை ஓடுகிறது. மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும்! 1970களின் தொடக்கத்தில் போட்டது. உலகத்திலேயே இந்த மாதிரிப் பாதைகளுக்கு இதுதான் முன்னோடி என்கிறார்கள். கார் வாங்க முடியாத தொழிலாளிக்கும் லாரியில் அடிபடாமல் வேலைக்குப் போக உரிமை உண்டு என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

நாற்பத்தேழு வயதில் நான் அந்தப் பாதைக்கு மாற ஆசைப்பட்டேன். இங்கேதான் வீட்டில் பிரச்னை!

"ஏங்க, இந்த வயசுல மோட்டாரா?" என்றாள் மனைவி.

சிரித்து மழுப்ப முடியவில்லை. இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான். அவளுக்குப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் அடுத்த தெருவில் மகனைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தவள். ஒரு வாரம் யோசித்து நிபந்தனை போட்டாள். நல்ல பிரேக் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன். மழையில் ஓட்டக் கூடாது. மலேசியாவில் மழையில் ஓட்டாமல் இருப்பதென்றால், மெரினாவில் மணலை மிதிக்காமல் நடப்பது மாதிரி. இருந்தாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

வாங்கியது யமஹா எக்ஸ்மேக்ஸ் 250. மேக்ஸி ஸ்கூட்டர் என்று ஒரு ஜாதி. 2001-இல் வந்த டிமேக்ஸ் இந்தக் குடும்பத்தின் அண்ணா, இது நடுப்பிள்ளை. வெளிநாடுகளில் 300 ஸிஸியில் ஓடுகிறது. இங்கே பெரும்பாலோரிடம் இருக்கும் பி2 லைசென்ஸ் 250-க்கு மேல் செல்லாது. ஆகவே எஞ்சினும் லைசென்சுக்குள் அடக்கம். 2023-இல் இதற்குப் புது உருவம் கொடுத்தார்கள். முகத்தில் எக்ஸ் எழுத்து போல விளக்குகள், சின்ன டி.வி. மாதிரி மீட்டர். சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு குமிழைத் திருகினால் வண்டி உயிர் பெறும். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. திருகினால் போகும், பிடித்தால் நிற்கும்.

ஸீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸீட்டா அது? எங்கள் வீட்டு சோபாவே அவ்வளவு சௌகரியம் இல்லை. உயரம் 795 மில்லிமீட்டர், அகலமும் தாராளம். ஆகவே சிக்னலில் நான் நுனிக்காலில் பாலே ஆடுகிறேன். இதில் வண்டியைக் குறை சொல்வதற்கில்லை, என் கால்களைச் செய்த பிரம்மாவிடம்தான் கேட்க வேண்டும். எடை 180 கிலோ சொச்சம். ஓடும்போது இறகு, பார்க்கிங்கில் தள்ளும்போது யானைக்குட்டி.

நம்மூர் ஸ்கூட்டர் மாதிரி காலடியில் சமதளம் கிடையாது. நடுவே முதுகெலும்பு போல மேடு. காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, முன்னால் நிற்கும் குழந்தை... எதுவும் நடக்காது. அதற்குப் பதில் ஸீட்டைத் தூக்கினால் கீழே ஒரு குகை. முகம் மூடும் ஹெல்மெட் இரண்டு போகும். இல்லையென்றால் மழைக்கோட்டு, டிபன் கேரியர், ஒரு சீப்பு வாழைப்பழம், மாலையில் வாங்கும் கறிவேப்பிலை. ஸ்பீடு கீடு எல்லாம் இரண்டாம் பட்சம். இந்தக் குகைக்காகவே வாங்கலாம்.

இப்போது முக்கால் மணியில் ஆபீஸ். பாதை என்னவோ பட்டுக் கம்பளம் இல்லை. திடீரென்று வளைந்து பாலத்துக்கு அடியில் குறுகலாக நுழையும். வெயிலிலிருந்து சடக்கென்று இருட்டு. எதிர்த்திசையில் எவனாவது வந்துவிட்டால் குலதெய்வம்தான் துணை. அங்கே எல்லோரும் மணிக்கு 60-இல் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது, இத்தனை பலமுள்ள வண்டியும் பெட்டிப்பாம்பாகப் போக வேண்டும். அதுதான் சரி. ஈரமான வெள்ளைக் கோட்டில் பின்சக்கரம் வழுக்கினால், எஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் இறுகி நிற்காமல் ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்கிறது. மனைவியின் முதல் நிபந்தனை அதோடு பூர்த்தி.

மூன்றாவது நிபந்தனையையும் முடிந்தவரை காப்பாற்றுகிறேன். மேகம் கருத்ததும் பாலத்தடியில் ஒதுங்கிவிடுவோம். மலாய்க்காரர், சீனர், தமிழர், பங்களாதேஷ் பையன்கள் என்று ஐம்பது வண்டி ஒரே வரிசையில். யாரும் யாருக்கும் பேர் சொல்வதில்லை. ஒருவர் லைட்டர் நீட்டுவார், இன்னொருவர் என் மீட்டரை எட்டிப் பார்த்து "விலை என்ன?" என்பார். சொன்னதும் தன் பழைய வண்டியைப் பாசத்தோடு தடவிக்கொள்வார்!

மூன்று மாதம் தினமும் போன் போனது. நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை மனைவியே, "எவ்வளவு தூரம் போகும் இது?" என்றாள். டாங்க் 13 லிட்டர். பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை நீட்டினேன்.

காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர். 45 கிலோமீட்டர் இருக்கும். இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஜெராமில் மீன் வாசனை எதிரே வந்து வரவேற்கும். மலாவதி குன்றில் வெள்ளிமுடிக் குரங்குகள். அம்மா கறுப்பு, மடியில் குட்டி பளீர் ஆரஞ்சு! கடையில் மாற்றி வாங்கி வந்த மாதிரி இருக்கும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு. ஆற்றோர மரங்களில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள், சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கண் சிமிட்டுகின்றன. மனைவி அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளாக அதுதான் ரெக்கார்டு.

திரும்பும்போது ராத்திரி ஒன்பது. ஜெராம் தாண்டியதும் என் ஹெல்மெட்டின் பின்னால் "டக்" என்று ஒரு இடி. கொஞ்சம் பொறுத்து மறுபடி "டக்". சோபாவின் சௌகரியத்தில் அம்மாள் தூங்குகிறாள்! ஓடும் வண்டியில் இதைவிட ஆபத்து வேறில்லை. முதலில் தென்பட்ட மாமாக் கடையில் நிறுத்தி, இரண்டு தே தாரிக் சொன்னேன். மீதி தூரம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வர வேண்டும் என்று ஒப்பந்தம்.

காப்பாரில் ஆரம்பித்த நாத்தனார் கதை, கிள்ளான் ஆற்றுப் பாலத்தில்தான் முடிந்தது.