வழிவிடும் ஓசை

மூன்று வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு ஹவுஸ் பாட்டில் தொடங்கியது இந்தத் தேடல். ஹெட்ஃபோனில் கேட்டபோது குறை தெரியவில்லை. நண்பனின் காரில் போட்டால் கிக் டிரம்மைக் காணோம். கிக்கும் பேஸும் ஒரே தாழ்ந்த அலைவரிசையில் மோதிக்கொண்டு வெறும் உறுமலாகக் கேட்டன. கிக்கைக் கூட்டினால் பேஸ் செத்தது, பேஸைக் கூட்டினால் கிக் மூழ்கியது. "சைட்செயின் போடுடா, சரியாயிடும்" என்றான் நண்பன்.

போட்டேன். கிக் விழும்போதெல்லாம் பேஸ் குனிந்து, பிறகு நிமிர்ந்தது. பாட்டு முழுக்க மூச்சு வாங்கியது. மோதல் தீர்ந்ததோடு நிற்கவில்லை, கால் தானாகத் தாளம் போட்டது. ஒரு கோளாறுக்குச் செய்த மருந்து எப்படி ஆட வைக்கிறது? இதை முதலில் செய்தது யார்? அன்றிலிருந்து பழைய கருவிகளின் கையேடுகளையும் பொறியாளர்களின் கட்டுரைகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் தடம் பாரிஸுக்குப் போனது. 1998இல் ஸ்டார்டஸ்ட் வெளியிட்ட 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ', 2000இல் டாஃப்ட் பங்க் வெளியிட்ட 'ஒன் மோர் டைம்' இரண்டிலும் இந்த மூச்சு இருக்கிறது. இரண்டிலும் டாஃப்ட் பங்க் இருவரில் ஒருவரான தோமா பங்கால்டரின் கை உண்டு. டாஃப்ட் பங்க் இருவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கம்ப்ரெஸர் அலெசிஸ் 3630. பெரிய ஸ்டுடியோக்கள் பெருமையாக வைத்துக்கொள்ளாத, விலை மலிந்த பெட்டி அது.

கம்ப்ரெஸரின் வேலை எளியது. ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால் தானாகக் குறைக்கும். 4:1 என்று வைத்தால், வரம்பை 8 டெசிபெல் தாண்டி வரும் ஒலி 2 டெசிபெல் மட்டும் தாண்டி வெளியே போகும். ஒலி அடங்கியதும் பிடியைத் தளர்த்தும். அப்படித் தளர்த்த ஆகும் நேரத்துக்கு 'ரிலீஸ்' என்று பெயர்.

மூச்சு வாங்கும் பாட்டைச் செய்ய இரண்டு வழிகள் இருப்பது அப்போதுதான் விளங்கியது. ஒன்று, கிக், பேஸ், குரல் எல்லாவற்றையும் ஒரே கம்ப்ரெஸருக்குள் அனுப்புவது. இருப்பதிலேயே பலத்த கிக் அதை உசுப்ப, மொத்தப் பாட்டும் கிக்கோடு சேர்ந்து அமுங்கும். இன்னொன்று சைட்செயின். இதில் கருவி கிக்கைக் கேட்கும், ஆனால் அமுக்குவது பேஸை. யாரைக் கேட்பது, யாரைக் குறைப்பது என்ற இரண்டும் இங்கே தனித்தனி.

இரண்டிலும் உயிர் இருப்பது ரிலீஸில். நிமிடத்துக்கு 125 அடி விழும் பாட்டில் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவே 480 மில்லிசெகண்ட். அதற்குள் பேஸ் எழுந்து நிற்க வேண்டும். ரிலீஸ் நீண்டால் அது எழவே எழாது. மிகக் குறைந்தால் வெடுக்கென்று துள்ளும். நாம் ஆடுவது அமுங்கும்போது அல்ல, அது எழும்போது.

பாரிஸிலிருந்து பின்னோக்கிப் போனேன். பழைய கையேடுகளில் இந்த மூச்சுக்குப் 'பம்பிங்' என்று பெயர் இருந்தது, குறைகளின் பட்டியலில். கேட்பவருக்குக் கருவி இருப்பதே தெரியக் கூடாது என்பது அன்றைய பொறியாளர்களின் நெறி. எஸ்தோனியாவில் பிறந்த ரைன் நார்மா 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வடிவமைத்த ஃபேர்சைல்ட் லிமிட்டர், அதாவது ஒலியை வரம்பைத் தாண்டவே விடாத வகைக் கம்ப்ரெஸர், இதற்கு நல்ல சாட்சி. அதன் ஸ்டீரியோ வடிவமான 670இல் 20 வால்வுகள், எடை ஏறக்குறைய 30 கிலோ. இசைத்தட்டு வெட்டும் அறைக்காகப் பிறந்த கருவி. திடீரென்று எகிறும் ஒலி வெட்டும் ஊசியைக் கெடுக்கலாம், வீட்டில் தட்டுமேல் ஓடும் ஊசியைப் பள்ளத்திலிருந்து தூக்கி எறியலாம். அதைத் தடுப்பதே இதன் கடமை. ரிலீஸ் நேரம் 0.3 செகண்டில் தொடங்கி 25 செகண்ட் வரை போகும். அந்த 25ஐப் படித்ததும் கையேட்டை மூடிவிட்டு யோசித்தேன். பிடித்த கையை யாரும் உணராதபடி அவ்வளவு மெதுவாக எடுக்கிறார்கள். அதே கையைத்தான் நாங்கள் அரை செகண்டுக்கு ஒருமுறை வெளிப்படையாக எடுத்து, தாளமாக்கியிருக்கிறோம்.

அதற்கும் முன்னால் வானொலி. ஒலிபரப்பில் ஒலி அளவு மீறினால் பரப்பியின் அலை துண்டுபடும், ஒலி சிதைந்து பக்கத்து நிலையத்தின் அலைவரிசைக்குள்ளும் கசியும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937இல் கொண்டுவந்த 110A இதைத் தானாகத் தடுத்த முதல்தலைமுறைக் கருவிகளில் ஒன்று.

இன்னொரு வேர் தொலைபேசியில் கிடைத்தது. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே 1927இல் வானலை வழியே தொலைபேசி தொடங்கியது. அட்லாண்டிக்கின் மேல் வரும் இரைச்சலில் மெல்லிய குரல்கள் கரைந்துபோயின. மேத்தீஸ், ரைட் என்ற இரு பொறியாளர்கள் 1934இல் எழுதிய கட்டுரை 'கம்பாண்டர்' என்ற தீர்வை விளக்குகிறது. அனுப்பும் முனையில் மெல்லிய குரலைத் தூக்கி, பலத்த குரலோடு இருக்கும் இடைவெளியைச் சுருக்க வேண்டும். வாங்கும் முனையில் அதைப் பழையபடி விரிக்க வேண்டும். வானொலிக்காரர்கள் பலத்த ஒலிக்கு அஞ்சினார்கள். இவர்கள் மெல்லிய ஒலிக்காகக் கவலைப்பட்டார்கள். இன்று பாட்டை வெளியிடுமுன் கடைசியாகச் செய்யும் மாஸ்டரிங்கில் நாம் செய்வது இந்த இரண்டும்தான்.

கருவிகளுக்கு முன்னால் இருந்தது மனிதக் கை. நிலையத்தில் ஒருவர் மீட்டரைப் பார்த்தபடி குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பார். இதைப் படித்ததும் எங்கள் ஊர்த் திருவிழாவின் மைக்செட்காரர் கண்முன் வந்தார். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் அவர் விரல் பாட்டை இறக்கும், பேச்சு முடிந்ததும் ஏற்றும். கேட்பது குரலை, குறைப்பது பாட்டை. சைட்செயினை அவர் என் சிறு வயதிலேயே செய்துகாட்டியிருக்கிறார். வானொலியில் அறிவிப்பாளர் பேசும்போது பாட்டு தானாகத் தணிவதும் இதே ஏற்பாடுதான்.

தேடல் எனக்குச் சொன்னது இதுதான்: கம்ப்ரெஸரின் பிறவிக்குணம் வழிவிடுவது. அதை மறந்ததால் வந்த கேட்டையும் பார்த்தேன். குறுவட்டு வந்த பிறகு உச்ச வரம்பு எண்ணில் உறைந்துவிட்டது. வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அமுக்கும் வேவ்ஸ் L1 போன்ற மென்பொருள் லிமிட்டர்கள் 1994லிருந்து கைக்கு வந்தன. அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு பலமாகக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் எல்லாவற்றையும் கூரையில் முட்டவைத்தோம். எல்லாமே உரத்திருக்கும் இடத்தில் எது எதற்கு வழிவிடும்? காது சோர்ந்துபோகிறது. சத்தத்தைக் காது உணரும் விதத்தில் அளக்கும் சர்வதேச முறை 2006இல் வந்தது. அதைக் கொண்டு ஸ்பாட்டிஃபை இப்போது பாட்டுகளை, அந்த முறையின் அலகான LUFSஇல் −14 என்ற அளவுக்குச் சமன் செய்கிறது. நசுக்கி அனுப்பிய பாட்டு அங்கே இறக்கப்படுகிறது. பலம் போய்விடும், நசுங்கியது நசுங்கியதுதான்.

அந்தப் பழைய பாட்டை மறுபடி திறந்தேன். கடைசியில் மாட்டியிருந்த லிமிட்டர் 9 டெசிபெல் அமுக்கிக்கொண்டிருந்தது. 3க்குக் கொண்டுவந்தேன். பேஸின் ரிலீஸை எண்ணைப் பார்த்து வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். அறிவிப்பு முடிந்த பிறகு மைக்செட்காரர் எவ்வளவு நேரம் பொறுத்துப் பாட்டை ஏற்றுவார் என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். நண்பனின் காரில் போட்டுக் கேட்டோம். கிக் விழுந்தது. பேஸ் ஒதுங்கி நின்று, பிறகு வந்தது.