உம்மம்மாவுக்கு ஒரு காயிதம்

எங்கள் உம்மம்மாவின் அலுமாரியில் ஏழு முசல்லாக்கள் இருந்தன. உம்றாவுக்குப் போய் வந்த உறவினர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தவை. ஏழும் பொலித்தீன் உறை பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு தடித்த கம்பளிகள், நான்கு அத்தர் போத்தல்கள், மூன்று மருதமுனைக் கைத்தறிச் சாரிகள்.

சென்ற வருடம் நோன்புக்கு முன் வீடு துப்புரவாக்கும்போதுதான் இவற்றை எண்ணிப் பார்த்தேன்.

"ஏன் உம்மம்மா, ஒண்டையும் எடுக்கல்லையா?" என்று கேட்டேன்.

"தந்த புள்ளைகள்ர மனசு நோகக் கூடா எண்டு வெச்சிருக்கன் மகள். நான் கதிரையில இருந்துதானே தொழுற. முசல்லா எனக்கு என்னத்துக்கு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முழங்கால் வருத்தத்தால் நான்கு வருடங்களாக உம்மம்மா கதிரையில் இருந்தே தொழுகிறார். ஒரே வீட்டில் இருக்கும் நானும் அதை நினைக்காமல், பெருநாளைக்கு எட்டாவது முசல்லா ஒன்றை வாங்கிக் கொடுக்க 3,000 ரூபா சேர்த்து வைத்திருந்தேன்! கல்முனை பஸாரில் நிறம்கூடப் பார்த்து வைத்தாயிற்று.

அன்பளிப்பு அன்பை வளர்க்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைச் சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது, அவர்கள் யார் என்று பார்க்காமல் 'வயதானவர்' என்று மட்டும் பார்த்துவிடுகிறோம். வயதானவர் என்றால் தஸ்பீஹ், முசல்லா, கம்பளி. கடைக்காரரும் அதைத்தான் எடுத்துத் தருகிறார். எங்கள் கடற்கரை ஊரின் வெக்கைக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை.

அன்றிலிருந்து உம்மம்மாவைக் கொஞ்சம் கவனிக்கத் தொடங்கினேன். அவருக்கு என்ன தேவை என்று கேட்டால், "ஒண்டும் வேணாம் மகள்" என்பதுதான் பதில். ஆகவே கேட்பதை விட்டுவிட்டுப் பார்த்தேன். நகம் வெட்ட யாராவது வரும்வரை காத்திருக்கிறார். போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் பேசாமல் திரும்ப வைத்துவிடுகிறார். அஸருக்குப் பிறகு, ஒரு பழைய கிதாபைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைத்து வாசிக்கிறார்.

நான் அதை அறபுக் கிதாப் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அருகில் இருந்து கேட்டேன். அவர் வாசித்தது தமிழ்! எழுத்து அறபு, மொழி தமிழ். உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் 'அறபுத்தமிழ்' என்று பரீட்சைக்காக நான் மனனம் செய்த விடயம், எங்கள் வீட்டு விறாந்தையில் உயிரோடு இருந்தது.

அறபின் 28 எழுத்துக்களில் தமிழின் எல்லா ஓசைகளும் இல்லை. ஆகவே சில எழுத்துக்களுக்கு மேலதிகப் புள்ளிகளை இட்டு, எ, ஒ போன்ற ஓசைகளுக்குத் தனிக் குறிகளைச் சேர்த்துத் தமிழை எழுதினார்கள். கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் மார்க்க நூல்களை இதிலேயே எழுதினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள், பள்ளிக்கூடம் போகாவிட்டாலும், இந்த எழுத்தின் வழியாகத் தமிழ் வாசித்தார்கள்.

உம்மம்மாவும் அப்படித்தான். இரண்டாம் வகுப்போடு அவரை மறித்துவிட்டார்கள். தமிழ் எழுத்து அவருக்குக் கைவரவில்லை. ஓதப்பள்ளியில் லெப்பையின் மனைவி கற்றுக்கொடுத்த அறபுத்தமிழ்தான் அவருடைய எழுத்து. மூத்தவாப்பா வெளியூரில் கடையில் நின்ற காலத்தில் அந்த எழுத்தில்தான் காயிதம் போடுவாராம். அவர் மௌத்தானார், அந்தக் காயிதங்களும் 2004 சுனாமியில் வீட்டோடு போயின.

"அதுக்குப் பொறகு உங்களுக்கு ஒருத்தரும் காயிதம் எழுதல்லையா?"

"உன்ர மாமா சவூதியில இருந்து எத்தனையோ எழுதினான். எல்லாம் தமிழ் எழுத்து. உன்ர உம்மாதான் வாசிப்பா. மருமகளும் நிப்பா, அடுத்த வீட்டாரும் நிப்பாங்க. சபையில வாசிக்கிற காயிதத்தில அவன் என்னத்த எழுதுவான்? நான்தான் என்னத்தச் சொல்லி எழுதுவிக்கிற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள், "பாடத்துக்கு வேணும், அறபுத்தமிழ் சொல்லித் தாங்க" என்று கேட்டேன். பாதிதான் உண்மை. நோன்பு மாதம் முழுக்க அஸருக்கும் இப்தாருக்கும் இடையில் வகுப்பு நடந்தது. இவ்வளவு கண்டிப்பான உம்மம்மாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிழை விட்டால் என் விரலில் மெல்லத் தட்டுவார். "ஓதத் தெரிஞ்ச புள்ளைக்கு இது என்ன கஷ்டம்?" என்பார். அவருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததுமான ஒன்று நடுவில் இருந்ததால், அவர் நோயாளியாகவும் நான் மருந்தெடுத்துக் கொடுப்பவளாகவும் இருந்த வீடு கொஞ்சம் மாறிப்போனது.

பெருநாளைக்கு முதல்நாள் இரவு கதவைப் பூட்டிக்கொண்டு எழுதினேன். அவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய தாளில், தடித்த கறுப்புப் பேனையால், ஒரு பக்கத்துக்கு ஆறே வரிகள். மூன்று பக்கங்கள் எழுதி முடிக்க ஸஹர் நேரம் ஆகிவிட்டது.

காலையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெரியம்மா புதுச்சாரி கொடுத்தார். மச்சி ஒருத்தி அழகான பெட்டியில் பேரீச்சம்பழம் கொடுத்தாள். நான் கடித உறையை நீட்டினேன். "உம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே, உனக்கு விளங்காதா?" என்று மச்சி சிரித்தாள். பெருநாளும் அதுவுமாக வெறும் தாளைக் கொடுக்கிறாளே என்று உம்மாவின் முகமும் மாறியது.

உம்மம்மா உறையைப் பிரித்தார். முதல் வரியைப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கதிரையை யன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். மூன்று பக்கங்களையும் சத்தமில்லாமல் உதடு அசைத்து வாசித்தார். வீடு அமைதியாகிவிட்டது.

"என்ன எழுதியிருக்கா?" என்று உம்மா எட்டிப் பார்த்தார்.

"அது எனக்கு வந்த காயிதம்" என்று சொல்லி, உம்மம்மா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். அழவில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. எல்லாரும் வட்டிலப்பம் சாப்பிடப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "உன்ர காயிதத்தில ஒரு பிழை இருக்கு. சோத்துட மணம் எண்டு எழுத வந்து மனம் எண்டு எழுதிப்போட்டா. நூனுக்குக் கீழ புள்ளி எங்க?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பறவாயில்ல, அதுவும் சரிதான்" என்றார்.

சேர்த்த காசில் தாளுக்கும் பேனைக்கும் 200 ரூபாகூடச் செலவாகவில்லை. மிச்சத்தை முச்சக்கர வண்டிக்குக் கொடுத்து, அடுத்த மாதம் உம்மம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் வெண்படலம் படர்ந்திருக்கிறது என்றார்கள். சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்திருக்கிறோம். அதுவரை நான் எழுத்தை இன்னும் பெரிதாக்கி எழுதுகிறேன். இப்போது ஒரு பக்கத்துக்கு நான்கு வரிகள்.

ஏழு முசல்லாக்களையும், உம்மம்மாவின் சம்மதத்தோடு, சின்னப் பிள்ளைகள் ஓதும் குர்ஆன் மத்ரஸாவுக்குக் கொடுத்துவிட்டோம். தந்தவர்களுக்கும் அதன் நன்மை சேரும் என்று சொன்ன பிறகுதான் அவர் சம்மதித்தார்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு உம்மம்மாவோ வாப்பும்மாவோ இருப்பார். பெருநாளைக்குக் கடைக்குப் போகுமுன், ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவரால் இப்போது எதைச் செய்ய முடியவில்லை, முன்பு எதைச் செய்து மகிழ்ந்தார், யாரிடமும் சொல்லாமல் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். வாங்க வேண்டியது அப்போது தெரியும். சில வேளை வாங்க ஒன்றுமே இராது.

சென்ற கிழமை என் தலையணைக்குக் கீழே ஒரு காயிதம் இருந்தது. நடுங்கும் கையால் எழுதிய ஒன்பது வரிகள். வாசித்து முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. என்ன எழுதியிருக்கிறது என்று உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சொல்லவில்லை.