நெரித்தால் பேசும் உடுக்கு

நைஜீரியாவின் யொருபா மக்களிடம் துந்துன் என்றொரு பறை உண்டு. அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்களை நெரித்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அவர்கள் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். அதனால் பழமொழிகளைக்கூடப் பறையில் சொல்லிவிடுகிறார்கள். 1982இல் கிங் சன்னி அடேயின் ‘ஜூஜூ மியூசிக்’ அந்த ஓசையை உலகமெங்கும் கொண்டுபோனது. இத்தனை கிற்றார்களுக்கு நடுவிலும் அது துலக்கமாகக் கேட்கிறது. எங்கள் உடுக்குக்கும் அதே சிறுத்த இடை, அதே நெரிப்பு. கொழும்பு மேடைகளில் மட்டும் அது ஏன் வெறும் ‘டப் டப்’ ஆகிறது?

வெள்ளவத்தையில் பாட்டுக் கற்பிக்கும் நண்பரிடம் இதைக் கேட்டேன். “கொட்டாஞ்சேனைக்கு வாங்கோ, ஒராளைக் காட்டுறன்” என்றார்.

ஆடி மாதம், ஒரு மாரியம்மன் கோயில். மைக் செற் காரர் வயர்களை இழுத்துக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்திருந்த உடுக்குக்காரர் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். லயத்தில் தாத்தா மாரியம்மன் தாலாட்டுப் பாட, பக்கத்தில் இருந்தே கை பழகியிருக்கிறது. பகலில் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை. மூட்டை தூக்கிக் காய்த்த இடக்கை உடுக்கின் கயிறுகளைப் பற்றியதும், அந்த முரட்டு விரல்களில் வந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“மாமா, ஒரு தட்டு. பிறகு மெதுவா நெரிங்க” என்றார் மைக் செற் காரர்.

தட்டு விழுந்த பிறகுதான் ஓசை மேலே வளைந்தது. விசயம் அந்த வளைவில்தான் இருக்கிறது. பாட்டுக் கச்சேரிக்குப் பழகியவர்கள் உடுக்கையும் டிரம் செற் போல நினைத்து ‘கேட்’ என்னும் ஒலிக்கதவைப் போடுகிறார்கள். சத்தம் தணிந்ததும் அது வழியை அடைத்துவிடும். தட்டு தப்பும், நெரிப்பு அறுந்துபோகும். இந்த மைக் செற் காரர் முதலில் அந்தக் கதவை எடுத்துவிட்டார். ஒலிவாங்கியைத் தோலோடு ஒட்ட வைத்தால் அடித்தொனி வீங்கிவிடும் என்று ஒரு சாண் தள்ளி வைத்தார். ஆடி ஆடி அடிப்பவருக்கு நிற்கும் ஸ்ராண்ட் சரிவராது, உடம்பில் கவ்வும் சின்ன மைக் நல்லது. ஆனால் கயிற்றில் பட்டால் நெரிக்கும்போதெல்லாம் உரசும். அதனால் உலோக விளிம்பில், கயிறு போகாத இடம் பார்த்துக் கவ்வ வேண்டும். மறுபக்கத் தோலுக்கும் மைக் வைத்தால் ஒன்றின் துருவத்தைத் திருப்பிப்போட வேண்டும். ஒரு தோல் மைக்கை நோக்கி வரும்போது மற்றது விலகிப்போகிறது, இரண்டையும் அப்படியே கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கடைசியில் பாடகரின் குரலைக் கொஞ்சம் ஒதுக்கி உடுக்குக்கு இடம் விட்டார். பெட்டியிலிருந்து வந்த ஓசையில் மறுபக்கத் தோலில் கட்டிய நரம்பின் சலசலப்புக்கூடக் கேட்டது.

மைக் செற் காரரிடம் இருந்த அந்தச் சின்ன மைக் சொந்தமில்லை, இரவல். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் இறக்குமதிச் சாமான்களின் விலை கைக்கெட்டாமல் போனது. பிறகு அவரால் வாங்க முடியவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. திருவிழாவுக்கு ஒலி, ஒளி, பந்தல், கலைஞர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொந்தராத்துக்காரர் எடுக்கிறார். கூலி பெட்டிகளின் எண்ணிக்கைக்குத்தான். ஓசை எப்படி இருக்கிறது என்று கேட்பவரில்லை. பெட்டிகளை அடுக்கினால் பணம், உடுக்குக்காரருக்கு ஒத்திகை நேரம் ஒதுக்கினால் நட்டம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அயலவரின் நித்திரைக்கு அது தேவைதான். ஆனால் அந்தக் குறுகிய நேரத்தையும் அறிவிப்புகளும் நன்றியுரைகளும் விழுங்குகின்றன. கலைஞனின் கூலியில் தரகு வெட்டும் கொந்தராத்துக்காரர்கள், தாளத்தின் நேரத்திலும் வெட்டுகிறார்கள். கோயில் நிர்வாக சபைகள் உடுக்குக்காரருக்கும் மைக் செற் காரருக்கும் காசை நேரே கையில் கொடுக்க வேண்டும். ஒலி பார்க்க அரைமணி நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே எழுத வேண்டும்.

நண்பர் தன் அடுத்த கச்சேரிக்கு இருவரையும் வெள்ளவத்தைக்கு அழைத்திருக்கிறார், இடையில் ஆளில்லாமல். மைக் செற் காரர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: “முதல்ல உடுக்குக்குச் சத்தம் பார்ப்பன். பாடுறவங்க அதுக்குப் பிறகு வரட்டும்.”