வட்டைப் பாதையும் வண்டிச் சத்தமும்

நெல் கதிர் முற்றுங் காலத்தில், சொறிக்கல்முனை வயல்களில் இரவுக் காவல் இருப்போருக்குக் காதே விளக்கு. கொப்பு முறியும் ஓசையைக் கொண்டே யானையின் வரவை அறிவர். சென்ற பெரும்போகத்தில் ஓரிரவு நாமும் பரணில் இருந்தோம். சைலன்சரைக் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வாய்க்காற் கரையில் இரைந்து சென்றன. இரைச்சல் ஓய்ந்தபோது யானை வயலினுள் நின்றது. அன்று உயிர்ச்சேதம் இல்லாதது தெய்வச் செயலே.

ஓட்டியவர்களுள் ஒருவன் நம் மாணவன். மறுநாள் கண்டித்தோம். "அந்த வழியாக இரவில் ஓடக்கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லையே, சேர்" என்றான். உண்மைதான்; நாமும் சொன்னதில்லை.

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளால் அமெரிக்காவிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. 1972 இல் சனாதிபதி நிக்சன் பிறப்பித்த ஆணை, அரசு நிலங்களில் அவை செல்லத்தக்க பாதைகளையும் தகாத இடங்களையும் வகுக்கச் செய்தது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கான 2013 ஆம் ஆண்டு விதி, வண்டிகளின் தொகைக்கும் ஒலிக்கும் எல்லையிட்டது. வண்டியை முற்றாக விலக்கினாரல்லர். அதற்குரிய இடத்தை வகுத்தனர்.

இம்முறை நமக்கும் புதிதன்று. விதைப்புக்கு முன் கமக்காரர் கூடி, நீர் திறக்கும் நாளையும் மாடுகளை அகற்றும் நாளையும் முடிவு செய்வர். வட்டைவிதானை அதனை நடைமுறைப்படுத்துவார். வண்டி செல்லும் பாதையும் நேரமும் அம்முடிவுகளோடு சேரட்டும். வரும் கூட்டத்திற்கு அம்மாணவனையும் அழைத்துச் செல்வோம். விதியை வகுக்கும்போது அவனும் உடனிருக்கட்டும்.