தண்ணி எங்கே போச்சு?

"டெம்பரேச்சர் லைட் எரியுதுங்கண்ணா" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவரிடம் நான் முதலில் கேட்பது, "எங்க வச்சு எரிஞ்சுதுங்க?" லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதா, ஏற்காடு ஏறும்போதா, காலையில் சாவி போட்டவுடனேயா? இதற்குச் சரியாகப் பதில் வந்துவிட்டால் பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி.

செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் காலை நேரத்தில் கார் நகராது. எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டும்தான் துணை. நெரிசலில் சூடேறி, ஓமலூர் ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது என்றால் என் கை நேரே ஃபேன் பக்கம் போகும். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் அந்த ஃபேன் ஓடியாக வேண்டும். ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்ப்பேன். அதே அளவு ரிலே பெட்டிக்குள் இன்னொன்று இருந்தால் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

ஏற்காடு வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவு, குடும்பத்தோடு முழு லோடு, பாதி தூரம் இரண்டாவது கியர். இன்ஜின் முக்கி முக்கி இழுக்கும், வேகமோ இருக்காது. ஃபேன் நன்றாக ஓடியும் அங்கே மட்டும் சிவப்பு எரிந்தால் தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம். யாரும் கண்டுகொள்ளாத ஒன்று ரேடியேட்டர் மூடி. மலை உச்சி சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் இறுகிப்போன மூடி அந்த அழுத்தத்தை விட்டுவிடும். சில நூறு ரூபாய் சாமான். ரேடியேட்டரையே மாற்றிய பிறகும் பழைய மூடியைத் திருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாவி போட்டவுடனே, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே எரிந்தால் அது சூட்டைச் சொல்லும் விளக்காக இருக்காது, கூலண்ட் அளவைச் சொல்வது. எல்லா வண்டியிலும் இது கிடையாது. ஒரு ஜெர்மன் கார் வந்தது. கூலண்ட் பாட்டில் நிறைய நீர், லைட்டோ நிற்காமல் மினுக்கியது. அந்த வகைப் பாட்டிலின் அடியில் இரண்டு உலோக ஊசிகள் இருக்கும். நீர் வழியாக ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் பாய்ந்தால்தான் 'அளவு சரி' என்று வண்டி நம்பும். குறையக் குறைய யாரோ வெறும் பேட்டரி தண்ணியையே ஊற்றி வந்திருக்கிறார்கள். சுத்தமான அந்தத் தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கூலண்டும் பேட்டரி தண்ணியும் சரிபாதி கலந்து ஊற்றியதும் லைட் அணைந்தது.

அதற்காகப் போர் தண்ணி ஊற்றலாமா என்று கேட்டுவிடாதீர்கள். நம்மூர்ப் போர் தண்ணி பாத்திரத்தில் விடும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள்; அதுவேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும், அலுமினியத்தையும் அரிக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் அளவு உண்மையாகவே குறைந்திருக்கும். "கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்தி விட்டுருங்கண்ணா, அவசரமா நாமக்கல் போகணும்" என்பார்கள். ஊற்றினால் லைட் அணையும். ஆனால் மூடிய சுற்றில் ஓடுகிற தண்ணீர் எங்கே போச்சு? தரையில் சொட்டு இல்லை என்பதால் லீக் இல்லை என்று ஆகிவிடாது. சூடான இன்ஜின் மேல் விழும் சொட்டு அங்கேயே காய்ந்துவிடும்.

இதற்குத்தான் பிரஷர் பம்ப். இன்ஜின் ஆறிய பிறகு, மேல் ஹோஸை அமுக்கினால் கல் மாதிரி இல்லாமல் கைக்கு அமுங்க வேண்டும், அப்போதுதான் மூடியில் கை வைப்பேன். பம்பை மாட்டி 1 பார் வரை அடித்துவிட்டு டார்ச்சோடு காத்திருப்பேன். முள் நகராமல் நின்றால் நல்லது. மெதுவாக இறங்கினால், ஹோஸ் கிளிப் அடியில், பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில், வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்ன ஓட்டையில் தேடுவேன். அந்த ஓட்டையைச் சுற்றி கூலண்ட் நிறத்திலேயே பொருக்குத் தட்டியிருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. வெளியே எதுவுமே இல்லாமல் முள் இறங்கினால், முன் சீட்டுக் காலடி விரிப்பைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக, இனிப்பு வாசம் அடித்தால் ஹீட்டர் கோர். அதுவும் காய்ந்திருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்: ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் டீ நிறத்தில் குழம்பியிருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது பாட்டிலில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சை வண்டிக்காரரிடம் எடுப்பேன்.

இந்தப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு, எனக்குப் பிடிக்காதது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். உள்ளிருக்கும் மெழுகு 80 டிகிரியைத் தாண்டி உருகி விரிந்து வழி திறக்கும் சாதனம் அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். அப்புறம் மைலேஜ் கொடுக்கவில்லை என்று அதே வண்டி வரும்.

வழியில் சிவப்பு எரிந்தால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி நிறுத்துங்கள். முள் உள்ள வண்டி என்றால் அதை நம்பி ஓட்டாதீர்கள். தண்ணீர் சுத்தமாகப் போய்விட்டால் சென்சார் காற்றில் நின்று சூட்டைக் குறைத்துக் காட்டும்.

வேலை முடிந்தபின் காற்றை எடுத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை வண்டியை ஓடவிட்டே கொடுப்பேன். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் பாட்டிலின் கோட்டைப் பார்த்து போன் பண்ணச் சொல்வேன். உள்ளே தங்கிய காற்று வெளியேறியதால் கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பிக்கொள்ளலாம். அதற்கடுத்த நாளும் இறங்கினால் கூலி இல்லாமல் மறுபடி பிரஷர் பம்பை மாட்டுவேன்.